சுட்டும் பொருளும்

மொழியில் சுட்டுக்குத் தனியாற்றல் உண்டு. அ, இ, உ என்னும் மூன்றெழுத்துகளைக் கொண்டே உலகத்துப் பொருள் அனைத்தையும் விரல் நீட்டிக் காட்டிவிடலாம். 'அவன்' என்னும் ஒரு சொல் அரசனையும் குறிக்கும். ஆடு மேய்ப்பவனையும் குறிக்கும். ஆனால் அவ்வாற்றலுக்குள்ளேயே அதன் இடரும் உறைகின்றது. யாரென்று கூறாமல் 'அவனுக்கு நீர் கொடு' என்று ஒருவர் பணித்தால், கேட்டவர் செம்பைக் கையில் ஏந்தியவண்ணம் திகைத்து நிற்பார்.

இதனை நன்குணர்ந்த தொல்காப்பியர், சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் ஒரு விதி வகுத்தார். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கு வருமிடத்து இயற்பெயரே முற்பட வேண்டும். சுட்டுப்பெயர் அதன்பின் வருதல் வேண்டும். 'காதர் வந்தான், அவனுக்கு நீர் கொடு' என்பதே முறை. செய்யுளாயின் சுட்டு முற்பட்டு வருதலும் உண்டு என அடுத்த நூற்பாவிலேயே விலக்கும் தந்தார். உரைநடைக்கு அவ்விலக்கு இல்லை.

கணிப்பொறியியல் மாணவராய் இருந்த எமக்குப் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் இவ்விதியைப் பேராசிரியர் எடுத்துரைத்தார். பிற்காலத்தில் அஃது எமக்குச் சோறு போடும் என்று அவரும் எண்ணியிருக்கமாட்டார், யாமும் எண்ணியதில்லை. இன்றோ, யாம் செய்யும் தொழில் முழுவதும் இவ்வொரு விதியைக் காத்து நிற்றலே எனின் அது மிகையன்று.

டிரைவர் என்னும் சொல்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில், இராசிபுரத்தில் இருந்துகொண்டு, வெளியூர் நிறுவனம் ஒன்றிற்காக யாம் பணியாற்றுகிறோம். 'டிரைவர்களைச் சோதிக்கும் வேலை' என்று ஒருமுறை கூறப்போய், பக்கத்து வீட்டுப் பெரியவர் "டேங்கர் டிரைவருங்களா தம்பி, டிரெய்லர் டிரைவருங்களா?" என்று வினவினார். அவர்மேல் குற்றமில்லை. 1997-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லில், டிரைவர் என்ற சொல்லுக்கு லாரி ஓட்டுநர் என்பதன்றி வேறு பொருள் தோன்றுதல் அரிது.

எம் டிரைவர் மனிதர் அல்லர், நிரல். கணிப்பொறியில் நாம் காணும் மென்பொருள்களுக்கெல்லாம் அடியில் இயக்கமுறைமை ஒன்று உண்டு. அதன் உள்ளகம் கெர்னல் எனப்படும். நினைவகத்தைப் பங்கிடுவதும், எந்த வேலை எப்போது நடைபெறல் வேண்டும் என முடிவு செய்வதும் கெர்னலே. அச்சுப்பொறி, விசைப்பலகை, மோடம் போன்ற கருவிகள் ஒவ்வொன்றும் தத்தம் மொழியில் பேசுவன. அம்மொழியைக் கெர்னலுக்கு விளக்கும் துபாஷியே டிரைவர். மேற்புறத்து மென்பொருள் ஒன்று தவறினால் அஃது ஒன்றே மடியும். கெர்னல் அதனை அப்புறப்படுத்திவிட்டுத் தன் வேலையைத் தொடரும். கெர்னலுக்குள்ளேயே குடியிருக்கும் டிரைவர் தவறினாலோ, அதனைத் தடுத்தாட்கொள்ள மேலே ஒருவரும் இல்லை.

இந்நிரல்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுவன. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய அம்மொழியின் உயிர்நாடி 'பாயின்டர்'. தமிழில் அதனைச் சுட்டி என்கிறோம். பொருத்தமான பெயர்; இலக்கணத்துச் சுட்டு செய்யும் வேலையையே அதுவும் செய்கிறது. சுட்டியினுள் பொருள் இராது. பொருள் இருக்கும் நினைவக முகவரி மட்டுமே இருக்கும். சுட்டி எதனையும் சுட்டாத நிலையும் உண்டு. ஆங்கிலத்தில் அதனை 'நல்' என்பர். தமிழில் நல் என்பது நன்மையைக் குறிக்கும் அடை; இந்த நல்லோ நன்மையறியாதது. 1965-ஆம் ஆண்டில் ஆல்கால் டபிள்யூ என்னும் மொழிக்கு இவ்வெற்றுச்சுட்டியை அமைத்துத் தந்த டோனி ஹோர், 2009-ஆம் ஆண்டு ஓர் உரையில் அதனைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று குறிப்பிட்டார்.

ஆய்வாளர் கேட்கும் வினாக்கள்

டிரைவர் நிரலில் ஒரு சுட்டி பயன்படும் இடமெல்லாம் ஆய்வாளர் நின்று சில வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

இச்சுட்டி வெறுமையாய் இருக்கக்கூடுமோ என்பது முதல் வினா. நினைவகம் கேட்டுக் கிடைக்காதபோதும், கருவி கழன்றுவிட்டபோதும் சுட்டி வெறுமையாகும். வெறுமை அன்றெனினும் மெய்யான முகவரிதானோ என்பது இரண்டாவது. லினக்ஸ் கெர்னலில் சில செயற்கூறுகள், தோல்வியுற்றால் வெற்றுச்சுட்டியைத் தருவதில்லை. 1 முதல் 4095 வரையிலான பிழையெண்களுள் ஒன்றை முகவரி போல் வேடமிட்டு அனுப்பும். வெறுமையை மட்டும் சோதிப்பவர் இவ்வேடத்தில் மயங்கிப் போவார். இம்முகவரியைத் தந்தவர் யார் என்பது மூன்றாவது. மேற்புறத்து மென்பொருள் தந்த முகவரியை அப்படியே நம்பிக் கெர்னல் கைநீட்டினால், தனக்குரிய கருவூலத்தைத் தானே அயலாருக்குத் திறந்துவிட்டதாக முடியும். நான்காவது வினாவே கடியது. சோதித்தபோது இருந்த பொருள், பயன்படுத்தும்போதும் இருக்குமோ? ஒரே நேரத்தில் பல வேலைகள் நடைபெறும் கெர்னலில், சோதனைக்கும் பயனுக்கும் இடைப்பட்ட இமைப்பொழுதில் வேறொரு வேலை வந்து பொருளை அகற்றிவிடலாம். அப்போது சுட்டி வெறுமையாய் இராது. குடி பெயர்ந்த வீட்டின் பழைய முகவரியாய் இருக்கும்.

இவ்வளவு ஐயம் வேண்டுமோ எனச் சிலர் கேட்பர். வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2001-ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலை ஆராய்ந்தபோது, சில வகைப் பிழைகள் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் டிரைவர் நிரல்களில் மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுந்திருக்கக் கண்டனர். கெர்னலின் நடுப்பகுதியைப் பல்லாயிரவர் அன்றாடம் பயன்படுத்திச் செம்மை செய்கின்றனர். ஒரு கருவியின் டிரைவரையோ அக்கருவி உடையார் மட்டுமே பயன்படுத்துவர். ஆள் நடமாட்டம் குறைந்த பாதையில் முள் மிகுதல் இயல்பே.

பின்னே நின்ற காவல்

சோதனை இல்லாமை ஒரு குறை. சோதனை இருந்தும் உரிய இடத்தில் இல்லாமை அதனினும் பெரிய குறை. இதற்கு 2009-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும்.

லினக்ஸ் 2.6.30 பதிப்பில் 'டன்' என்னும் பெயருடைய வலையமைப்பு டிரைவர் ஒன்று இருந்தது. அதன் செயற்கூறு ஒன்றில், ஒரு சுட்டியின் வழியே உட்பொருளை எடுக்கும் வரி முன்னும், அச்சுட்டி வெறுமையோ எனச் சோதிக்கும் வரி பின்னும் எழுதப்பட்டிருந்தன. மனிதர் எழுதிய நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் கம்பைலர் இதனைப் படித்தது. 'முன்வரியிலேயே இச்சுட்டியைப் பயன்படுத்திவிட்டனர். ஆகவே இது வெறுமையாய் இருத்தல் இயலாது. ஆகவே பின்வரிச் சோதனை வேண்டாதது' எனத் தருக்க முறையில் முடிவு செய்து, சோதனையை அடியோடு நீக்கிவிட்டது. மூலநிரலைப் படிப்போர் கண்ணுக்குக் காவலன் தெரிந்தான். ஓடும் நிரலில் காவலன் இல்லை. நினைவகத்தின் சுழிய முகவரியில் தம் பொருளை வைக்க வல்லவர், அவ்வழியே நுழைந்து கணிப்பொறி முழுவதையும் கைப்பற்ற முடியும் என்பது அவ்வாண்டு சூலைத் திங்களில் மெய்ப்பித்துக் காட்டப்பட்டது. திருத்தம் மிக எளிது: வரிகளை முன்பின்னாக மாற்றினர். அதனோடு, இத்தகைய சோதனைகளை நீக்கலாகாது என்று கம்பைலருக்கு ஆணையிடும் குறிப்பையும் கெர்னலில் சேர்த்தனர்.

தொல்காப்பியர் விதி இங்கு அப்படியே பொருந்துவதைக் காண்க. பொருளை நிறுவிய பின்னரே சுட்டுதல் வேண்டும். சுட்டிவிட்டுப் பொருளை நிறுவப் புகுந்தால், கேட்பவர் அதற்குமுன் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்.

அண்மைக் காலத்துச் சான்றும் ஒன்றுண்டு. 2024 சூலை 19-ஆம் நாள் உலகெங்கும் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் கெர்னல் டிரைவர், புதிதாய் வந்த கோப்பொன்றைப் படித்தபோது 21 உள்ளீடுகளை எதிர்நோக்கியது, தரப்பட்டவையோ 20. இல்லாத இருபத்தொன்றாம் இடத்தை அது படிக்க முற்பட்டது. எண்ணிக்கை சரிதானோ என ஓடும்போது பார்க்கும் சோதனை அவ்விடத்தில் இல்லை. ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயண அட்டைகள் வழங்கப்பட்டன. ஒரு குறைந்த எண், கண்டங்கள் பலவற்றை நிறுத்தி வைத்தது.

ஒரு வரியும் ஒரு லாரியும்

உலக நிகழ்ச்சிகள் நிற்க. எம் அனுபவத்தில் மறக்கவியலாத ஒன்றை ஈண்டுக் கூற விழைகிறோம்.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் எம் குழு, லாரிகளின் இருப்பிடத்தைக் காட்டும் கருவிக்கான டிரைவரைச் செம்மை செய்துகொண்டிருந்தது. கருவியினுள் சிறிய லினக்ஸ் கணிப்பொறி; அதனோடு கேபிளால் இணைந்த மோடம். லாரி செல்லும் வழியை அது நொடிக்கு நொடி உரிமையாளருக்கு அனுப்பும். குழுவில் பள்ளிபாளையத்து இளைஞர் ஒருவர் புதிதாய்ச் சேர்ந்திருந்தார். தறி ஓட்டும் குடும்பத்தில் முதல் பட்டதாரி, கூரிய அறிவினர், எம்மை அண்ணா என்றே அழைப்பார். மோடம் கழன்றால் டிரைவர் நிலைகுலையாதிருக்க அவர் ஒரு சோதனை வரியைச் சேர்த்து எம் ஆய்வுக்கு அனுப்பினார். வரி சரியானது, இடம் தவறானது. மோடத்தின் பதிவேட்டைச் சுட்டியின் வழியே எடுத்த பின்னரே அச்சுட்டி வெறுமையோ என அது வினவியது.

யாம் ஒப்புதல் தரவில்லை. மேலாளர் வருந்தினார். "மேசையில் மூன்று நாள் ஓடியிருக்கிறது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒரு வரி மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன?" என்றார். கருவிகளை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. இளைஞரோ தேர்வு நிலைப் பணியில் இருந்தார். அவர்தம் முதல் நிரலே திருப்பப்பட்டது என்னும் செய்தி அவர் வேலையைப் பாதிக்கக்கூடும். அவர் முகம் வாடியதை யாம் கண்டோம். இசைந்துவிடுதல் எளிதாகவே இருந்தது.

மேசைமேல் கேபிள் கழலாது. சாலையில் கழலும் என்று சொல்லிப் பயனில்லை எனக் கண்டு, அவரையும் கருவியையும் அழைத்துக்கொண்டு நாமக்கல் சென்றோம். தெரிந்த லாரி ஒன்றில் கருவியைப் பொருத்தினோம். புறப்படுமுன் ஓட்டுநர் கையில் கம்பியுடன் வண்டியைச் சுற்றி வந்து டயர் ஒவ்வொன்றையும் தட்டி ஓசை கேட்டார். நேற்றும் நன்றாகத்தானே ஓடிற்று என அவர் எண்ணவில்லை. ஓடிய பின்னர்த் தட்டிப் பார்க்கலாம் எனவும் எண்ணவில்லை.

சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் முதல் அரைமணி நேரம் யாதொரு குறையும் இல்லை. பின்னர் ஒரு குலுக்கலில் மோடம் கழன்று மீண்டும் இணைந்தது, கருவி தப்பியது. இளைஞர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். அந்த இடைவெளியில் எவரும் மோடத்தைப் படிக்கவில்லை, அதனால் தப்பியது. ஆண்டகலூர் கேட் அருகே வண்டி சாலையோரம் இறங்கி ஏறியபோது இரண்டாம் முறை கழன்றது. அப்போது படிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வெற்றுச்சுட்டியின் வழியே பொருளைத் தேடிய அச்செயல் மடிந்தது. மடியும்போது தன் கையிலிருந்த பூட்டைத் திறந்துவிடவில்லை. அடுத்து வந்த வேலைகள் அப்பூட்டின் வாயிலிலேயே காத்துக் கிடந்தன. மோடம் மீண்டும் இணைந்தும் கருவி பேசவில்லை. லாரி அதே இடத்தில் நிற்பதாகவே உரிமையாளரின் திரை காட்டிற்று. வண்டியோ சேலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் ஓட்டுநரின் தொலைபேசி ஒலித்தது. பேசி முடித்து அவர் சொன்னார்: "பாத்தீங்களா, வண்டிய நிறுத்திப்போட்டு எங்கடா போனேன்னு கேக்கறாருங்க. நம்ம பேச்ச எங்க நம்பறாங்க, மிசின் சொல்றதத்தான் நம்பறாங்க. போன மாசம் பழைய மிசின் இப்படித்தான் நின்னுபோச்சு. ஒருநாள் பேட்டா போச்சுங்க."

அதுவரை எமக்கும் இப்பிழை ஒரு கருவியின் பிழையாகவே தோன்றியிருந்தது. உரிய இடத்தில் நில்லாத ஒரு சோதனை வரி, உழைத்து வாழும் ஒருவரின் நேர்மையின்மேல் ஐயமாய்ப் போய் விழும் என்பதை அவ்வண்டியில்தான் அறிந்தோம். நிரலை எழுதியவரை உரிமையாளர் அறியார்; ஆய்ந்தவரையும் அறியார். அவர் அறிந்தவர் ஓட்டுநர் ஒருவரே. பழி அறிந்தவர் மேல்தான் விழும்.

இளைஞர் திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. மறுநாள் அவரே நிரலைத் திருத்தினார். சோதனையை மேலே ஏற்றியதோடு நிற்கவில்லை. முதலில் பூட்டைப் பெறுதல், பின்னர்ச் சுட்டியைச் சோதித்தல், அதன்பின் பயன்படுத்துதல் என வரிசை செய்தார். மோடம் கழலும்போது ஓடும் செயற்கூறும் அதே பூட்டைப் பெற்ற பின்னரே பதிவேட்டை அகற்றுமாறு அமைத்தார். பதிவேட்டைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என எண்ணி, கடைசி ஆள் விடைபெற்ற பின்னரே அதனை விடுவிக்கும் முறையையும் சேர்த்தார். ஆய்வாளர் எழுப்பும் நான்காம் வினாவுக்கும் அதில் விடை இருந்தது. மேசையின்மீது வைத்தே கேபிளை நூற்றுக்கணக்கான முறை கழற்றி மாட்டிப் பார்த்தோம். இரண்டு நாள் தாமதமாகக் கருவிகள் புறப்பட்டன. மேலாளருக்கு யாம் எழுதிய குறிப்பில், இத்திருத்தம் முழுவதும் அவ்விளைஞர் செய்தது என்பதையே முதல் வரியாக எழுதினோம். தேர்வு நிலை முடிந்து அவர் பணியில் நிலைபெற்றார்.

பெயரிடும் பொறுப்பு

லினக்ஸ் கெர்னலில் ஒரு நல்ல மரபு உண்டு. ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் ஆய்ந்து உடன்பட்டால், 'ஆய்ந்தவர் இன்னார்' என்னும் வரியொன்று அந்நிரலின் குறிப்பில் சேரும். அவ்வரியில் பெயரிடுதல் புகழுக்காக அன்று. இவ்விடத்தில் யாம் நின்றோம், ஐயுற்றோம், விடை கண்டோம் என்னும் உறுதிமொழி அது. நாளை இந்நிரல் தவறினால் எம்மையும் கேளுங்கள் என்னும் பிணையும் ஆகும்.

இப்பணியில் பொறிகளும் துணைக்கு வந்துகொண்டிருக்கின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி முதலானோர் உருவாக்கிய சக்தி செயலியின் வழியில், சி மொழிச் சுட்டிகள் தம் எல்லையை மீறாதவாறு வன்பொருளே காவல் செய்யும் 'சக்தி எம்எஸ்' என்னும் வடிவமைப்பு 2019-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. சுட்டிப் பிழைகள் பலவற்றை நிரலாக்கும் நிலையிலேயே மறுத்துவிடும் ரஸ்ட் மொழிக்கு 2022 திசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.1 பதிப்பில் முதன்முதலாக இடம் தரப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் சி மொழியில் எழுதப்பட்ட பல இலட்சம் வரிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பொறுமையோடு படிக்கும் கண்கள் வேண்டும்.

அப்பொறுமையை யாம் கணிப்பொறி நூல்களில் மட்டும் கற்கவில்லை. சேனாவரையர் போன்ற உரையாசிரியர் ஒரு நூற்பாவை எடுத்துக்கொண்டால், இச்சொல் ஈண்டு ஏன் நின்றது, முன்னே நில்லாது பின்னே நின்றது எதனால், இதனை நீக்கினால் என்ன குறைவுபடும் எனத் தடை எழுப்பி விடை காண்பார். நிரலாய்வும் அதுவே. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை அடுத்தே 'தெரிந்து வினையாடல்' வைக்கப்பட்டிருப்பதையும் நோக்குக. ஆராய்ந்து தேர்தல் முன்னது. தேர்ந்தாரிடம் வினையை ஒப்படைத்தல் பின்னது.

தமிழ் படிப்போர்க்குக் கணிப்பொறி உலகில் என்ன வேலை என வினவும் மாணவச் செல்வங்கட்கு யாம் சொல்வது இதுதான். சொற்கிடக்கையை ஐயுற்றுப் படிக்கும் பழக்கம் உங்களிடம் முன்பே உண்டு. சி மொழியைச் சில திங்களில் கற்றுவிடலாம். அப்பழக்கத்தைக் கற்க ஆண்டுகள் பல வேண்டும். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் இராப்பகலாய்ப் புறப்படும் லாரிகளின் கருவிகளில், மருத்துவமனைகளில், மின்நிலையங்களில் இத்தகைய நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஆய்ந்து பெயரிடுவோர் வரிசையில் இக்கல்லூரி மாணவர் பலரும் இடம்பெற வேண்டும் என்பதே எம் அவா. அந்நாளில், பொருளை நிறுவிய பின்னரே சுட்டுதல் வேண்டும் என்ற நம் பழைய விதியை அவர்கள் உடன் எடுத்துச் செல்வார்களாக.